தெரியோவின் சொந்த விவரங்கள்

மணிலாவுக்குத் தெற்கே, லிபா நகரத்துப் பஞ்சர் கடை தெரியோ, தலை பாதி நரைத்த பிறகு ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். பெண்டாட்டிக்குத் தெரியாத ரகசியம் ஒன்று தனக்கென்று வேண்டும்.

பெரிய ரகசியமாக வேண்டுமென்று அவன் பேராசைப்படவில்லை. சட்டைப் பைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒன்று கிடைத்தால் போதும். கல்யாணம் ஆனதிலிருந்து அவனிடம் அந்த மாதிரி ஒன்று இருந்ததே கிடையாது.

எலெயுதேரியோ என்று பாதிரியார் வைத்த பெயரை ஊர் சுருக்கித் தெரியோ ஆக்கிவிட்டது. பேரில்தான் தெரிவதெல்லாம். வீட்டில் எல்லாம் தெரிந்தவள் அவன் மனைவி லியோனிலா. பஞ்சர் கடையை ஒட்டியே அவள் லோமிக் கடை வைத்திருந்தாள். அண்டாவில் நூடுல்ஸ் குழம்பைக் கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்தால் புருஷனின் கடை முழுக்கக் கண்ணில் படும். பேர் சுருக்கம் நிலா. பார்வை மட்டும் உச்சிவெயில். அவன் கொட்டாவி விட்டால் முந்தின நாள் யாரோடு எங்கே உட்கார்ந்து என்ன குடித்தான் என்று சொல்லிவிடுவாள். அவன் நடந்து வருகிற சத்தத்திலேயே வரப்போவது உண்மையா பொய்யா என்று கண்டுபிடித்துவிடுவாள். ஒரு தடவை பல்வலியை மறைத்தான். அவன் கன்னம் வீங்குவதற்கு முன்பே பல் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஒரு நாள் போன்சோ தன் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நிலாவின் சித்தி மகன். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். தெரியோவை அண்ணன் முறைக்குக் குயா என்பான். டயர் கழற்றப்படுகிற நேரத்தில் அவன் போனில் காசு வைத்துப் பிங்கோ என்கிற எண் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். அரசாங்க உரிமம் வாங்கிய ஆன்லைன் கம்பெனி என்றான். பிங்கோவில் தெரியோவுக்கு அக்கறை இல்லை. ஆனால் போன்சோ அடுத்துச் சொன்னது அவன் கையிலிருந்த ஸ்பேனரை நிறுத்திவிட்டது. ஒரு வருஷமாக விளையாடுகிறானாம், அவன் மனைவிக்குத் தெரியாதாம்.

"எப்படிடா?"

"அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, குயா. இங்கே எழுதியே போட்டிருக்காங்க." போன்சோ போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தான். "உங்கள் சொந்தத் தரவுகளை உங்கள் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நபர் எவருக்கும் தரமாட்டோம்."

"மூன்றாம் நபர்னா யாரு?"

"நீ ஒண்ணு. கம்பெனி ரெண்டு. மத்த எல்லாரும் மூணு."

"பெண்டாட்டி?"

"அவளும் மூணுதான்."

நிலாவை மூன்றாம் இடத்தில் வைத்த ஒரு வாக்கியத்தை தெரியோ அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். திரும்ப வாசிக்கச் சொன்னான். கண் லேசாகக் கலங்கியது. தரவு என்று பேர் வைத்துக்கொண்டு ஒருத்தருக்கும் தரவே மாட்டோம் என்கிறார்களே, இவர்களல்லவா மனிதர்கள்.

அங்கேயே, அந்த டயரின் மேல் உட்கார்ந்தபடியே, கணக்குத் தொடங்கினார்கள். கம்பெனி கேட்ட கேள்விகளைப் பார்த்து தெரியோ கொஞ்சம் மிரண்டான். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், வீட்டு விலாசம், போன் நம்பர், தொழில், வருமானம் எதிலிருந்து வருகிறது என்று வரிசையாகக் கேட்டார்கள். பெண் கொடுக்கும்போது மாமனார்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டான். சின்னப் பிள்ளைகள் விளையாடிவிடக் கூடாது, ஒருத்தன் பேரில் இன்னொருத்தன் புகுந்துவிடக் கூடாது, திருட்டுப் பணம் உள்ளே வந்துவிடக் கூடாது, அதற்குத்தான் என்றான் போன்சோ. ஆள் எங்கே இருக்கிறான், எந்தப் போனில் விளையாடுகிறான், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதைக்கூடக் குறித்துக்கொள்வார்களாம். நிலாவும் அதைத்தான் செய்கிறாள் என்று தெரியோ நினைத்தான். வித்தியாசம் ஒன்றுதான். இவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

ஓட்டுநர் உரிமத்தை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பியாயிற்று. அடுத்தது முகம். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் முகத்தை வைத்து இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. தெரியோ திரும்பினான், சிமிட்டினான். 'முகம் தெளிவாக இல்லை' என்று பதில் வந்தது. மறுபடி செய்தான். மறுபடி அதே பதில். கடைசியில் போன்சோதான் கண்டுபிடித்தான், நெற்றியில் பாதி கிரீஸ். தெரியோ சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தான். போன் உடனே அவனை ஏற்றுக்கொண்டது.

கடைசியாகப் பாதுகாப்புக் கேள்வி என்று மூன்று வந்தன. அந்த நேரம் பார்த்து ஆள் ஏற்றும் ஜீப்னி ஒன்று காற்று இறங்கிய சக்கரத்தோடு நொண்டிக்கொண்டு வந்து நிற்க, தெரியோ ஜாக்கியோடு அதன் அடியில் போய்விட்டான். பதில்களைப் போன்சோவே போட்டான்.

"உண்மையையே போட்டுட்டேன், குயா. எனக்குத் தெரியாததா?"

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை சரி என்று ஆடியது.

மத்தியானம் சாப்பிடப் போனபோது நிலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் கழுவியிருக்கிறாயே என்றாள். வேர்த்தது என்றான். தினமும்தான் வேர்க்கிறது என்றாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தில் கூட ஒரு கரண்டி லோமி ஊற்றினாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரியோ நினைத்தான்.

அடுத்து வந்த வாரங்களைப் போல ஆனந்தமான வாரங்களை அவன் அனுபவித்ததில்லை. வண்டி வராத பிற்பகல்களில் ஒரு சீட்டோ இரண்டு சீட்டோ வாங்கி விளையாடுவான். வந்தால் வரவு, போனால் ஒரு காப்பிக் காசு. அவனுக்குச் சுகம் விளையாட்டில் இல்லை. உள்ளே ஒன்று பத்திரமாக இருக்கிறது என்கிற நினைப்பில் இருந்தது. நடையில் ஒரு துள்ளல் வந்தது. டயருக்குக் காற்றடிக்கும்போது விசில் அடித்தான். நிலா லோமி பரிமாறும்போது அவள் முகத்தைப் பார்த்து மனதுக்குள், 'மூன்றாம் நபரே, இன்னும் கொஞ்சம் வெங்காயம் போடும்' என்று சொல்லிக்கொள்வான்.

போனில் விரல் வைத்தால் கணக்குத் திறக்கும் வசதி இருந்தது. ஆனால் டயரோடும் அரத்தோடும் மல்லுக்கட்டி அவன் விரல்களில் ரேகையே மிச்சமில்லை. ஆகவே பாஸ்வேர்டு. அதை அடிக்கடி மாற்றுங்கள், உங்கள் பெயரையோ மனைவி பெயரையோ வைக்காதீர்கள் என்று கம்பெனி அறிவுரை சொல்லியிருந்தது. மனைவி பெயர் வேண்டாம் என்று எழுதியே கொடுத்த நிறுவனத்தின் மேல் அவனுக்கு மரியாதை கூடியது. டயர் அளவுகளைப் பாஸ்வேர்டாக வைத்தான். திங்கட்கிழமை லாரி டயர், அடுத்த திங்கட்கிழமை ஜீப்னி டயர்.

அப்படி இருக்கும்போதுதான் அவனுக்குப் பிங்கோ அடித்தது.

வானத்தைப் பிளக்கிற பரிசு இல்லை. ஆனால் ஆளுயர ஸ்பீக்கர் வைத்த நல்ல வீடியோக்கே பெட்டி ஒன்று வாங்கலாம். பாட்டை ஓட விட்டு, திரையில் வரியைப் பார்த்து மைக்கில் பாடும் அந்தப் பெட்டி அவனுடைய நெடுநாள் கனவு. நிலா தடை போட்டிருந்தாள். நீ பாடினால் தெருநாய்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடும் என்பது அவள் கருத்து. ரகசியமாக வந்த பணத்தில் பகிரங்கமாகப் பாட வேண்டும் என்று தெரியோ துடித்தான்.

பணத்தை எடுக்கப் போனான். பாஸ்வேர்டு கேட்டது. ஜீப்னி டயர் போட்டான். இல்லை. லாரி டயர். இல்லை. பதற்றத்தில் சைக்கிள் டயர் போட்டான். கணக்கு பூட்டிக்கொண்டது. உங்கள் பாதுகாப்புக்காக, என்றது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தான். தேனில் தோய்த்த குரலில் ஒரு பெண் பேசினாள். அவனுடைய விவரங்களைப் பாதுகாப்பதற்காக மூன்று கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னாள்.

"முதல் கேள்வி சார். உங்க கல்யாணத் தேதி?"

தெரியோவுக்குக் கல்யாணத்தன்று வறுத்த பன்றியின் எடை நன்றாக நினைவிருந்தது. தேதி இல்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா. சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது சார்."

"என் கல்யாணம்தானே அது."

"உங்களுதா இருக்கலாம் சார். நீங்க நீங்கதானான்னு எங்களுக்கு இன்னும் தெரியாதே."

"முகத்தைக் காட்டறேன். கண்ணைச் சிமிட்டறேன்."

"கேள்விக்கு அப்புறம்தான் சார் கண்."

மற்ற இரண்டு கேள்விகளையும் அவள் பொறுமையாகச் சொன்னாள். மனைவிக்குப் பிடித்த பலகாரம் எது, மனைவியோடு முதலில் பேசிய இடம் எது. பரிசைச் சனிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்றும் நினைவூட்டினாள். போன்சோவைப் பிடித்தால் தீர்ந்தது என்று தெரியோ ஓடினான். போன்சோ மனைவியின் ஊர்த் திருவிழாவுக்காக மிந்தோரோ மலைக்குப் போயிருந்தான். அங்கே சிக்னல் கிடையாது.

தெரியோ தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அவனுடைய சொந்த விவரங்கள் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் பக்கத்துக் கடையில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் அவள் எதிரே போய் உட்கார்ந்தான். முகத்தில் எவ்வளவு காதல் முடியுமோ அவ்வளவையும் வரவழைத்துக்கொண்டான்.

"நிலா, நம்ம கல்யாணம் எந்தத் தேதியில நடந்துச்சு?"

கத்தி நின்றது. "டாக்டர்கிட்டப் போனியா?"

"இல்லையே."

"ஏதாவது சொன்னாரா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். சும்மா, ஒரு ஆசை."

அவள் நறுக்கியதை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு வெங்காயத்தாளைப் பார்த்தபடி, "மே இருபத்தாறு" என்றாள்.

அவன் அதை வாய்க்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டான். அடுத்து, உனக்குப் பிடித்த பலகாரம் எனக்குத் தெரியும், இருந்தாலும் உன் வாயால் கேட்க வேண்டும் என்றான். தெரிந்தால் நீயே சொல் என்றாள். சர்க்கரைப் பாகு ஊற்றிய முட்டைப் புட்டிங் என்றான்.

"அது உனக்குப் பிடிச்சது. என் பிறந்தநாளுக்கு எனக்குன்னு வாங்கிட்டு வந்து வருஷா வருஷம் நீயே தின்னுட்டுப் போற."

அவளுக்குப் பிடித்தது பிபிங்கா என்கிற அரிசிமாவுக் கேக்காம். அதுவும் நடுப்பகுதி இல்லை, அடியில் வாழையிலை கருகி ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஓரம். இத்தனை வருஷத்தில் தெரியோவுக்கு இது செய்தி. முதலில் பேசிய இடத்தையும் அவன் தப்பாகத்தான் வைத்திருந்தான். மாதா கோவில் வாசல் என்று நினைத்திருந்தான். இல்லை, தனாவான் பஸ் நிலையம் என்றாள் அவள். அவள் வந்த பஸ்ஸின் டயர் வெடித்து, தொழில் பழகிக்கொண்டிருந்த தெரியோ ஓடி வந்தானாம். அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை, "காலை எடுங்க, ஜாக்கி வைக்கணும்."

"நீ எடுத்தியா?"

"எடுக்கல. நீ மறுபடி சொல்லணும்னு நின்னேன்."

தெரியோ தன் கடைக்குத் திரும்பி வந்து வெகுநேரம் ஒரு டயரையும் தொடவில்லை. வீடியோக்கே பெட்டிகூட மறந்துபோயிற்று. மறுநாள் காலை சந்தைப் பக்கம் போனவன், சூடாக ஒரு பிபிங்கா வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். அவள் ஓரத்தைப் பிய்த்துச் சாப்பிட்டாள். மென்றுகொண்டே அவனை இன்னும் கூர்மையாகப் பார்த்தாள்.

அவள் சந்தைக்குக் கிளம்பியதும் போனை எடுத்தான். அதே தேன் குரல். பஸ் நிலையம் என்றான். நன்றி சார் என்றாள். பிபிங்கா என்றான். நன்றி சார் என்றாள். மே இருபத்தாறு என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"மன்னிக்கணும் சார். பொருந்தலை."

இனி ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு, அதிலும் தவறினால் மணிலாவுக்கு நேரில் வரவேண்டியிருக்கும் என்று அவள் வருத்தத்தோடு தெரிவித்தாள்.

தெரியோவுக்கு ரத்தம் கொதித்தது. நிலா காய்கறிக் கூடையோடு திரும்பி வந்ததும் நேராக அவள் கடைக்குள் போய் நின்றான். பராகோ காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நிலா, நீ சொன்ன தேதி தப்பு."

"எந்தத் தேதி?"

"கல்யாணத் தேதி. இருபத்தாறு கிடையாது."

நிலா கூடையை நிதானமாகக் கீழே வைத்தாள். "தப்புன்னு உனக்கு யாரு சொன்னா?"

தெரியோ சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கே ஞாபகம் வந்துச்சு."

"அப்போ சரியான தேதியைச் சொல்லு."

டிரைவர்கள் காப்பியை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நிலா ஒரு முக்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உட்காரு. எனக்கு எல்லாம் தெரியும். நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். வால்வைப் பிடுங்கிய ட்யூப் மாதிரி தெரியோவிடமிருந்து எல்லாம் வெளியே வந்தது. போன்சோ, பிங்கோ, முகம் கழுவியது, மூன்றாம் நபர், டயர் பாஸ்வேர்டு, தேன் குரல் பெண், பரிசு, ஸ்பீக்கர் எத்தனை அடி உயரம் என்பது வரை சொன்னான். உதவி எண் பெண் எப்படியெல்லாம் பேசினாள் என்று நடித்தும் காட்டினான். கேட்கக் கேட்க நிலாவின் உதடு துடித்தது. கோபம் என்று அவன் நினைத்தான். அது சிரிப்பு.

"இப்போ நிஜமான தேதியைச் சொல்லு நிலா. நாளைக்குச் சனிக்கிழமை."

நிலா முந்தானை போலக் கட்டியிருந்த சமையல் துணியை நீவி விட்டுக்கொண்டாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"மன்னிக்கணும் சார். உங்க பாதுகாப்புக்காக அதை நான் சொல்ல முடியாது."

"நிலா, நான் உன் புருஷன்."

"இருக்கலாம் சார். உறுதிப்படுத்தணும். இடப்பக்கம் திரும்புங்க."

வேறு வழியில்லை. தெரியோ திரும்பினான். வலப்பக்கம் என்றாள், அதுவும் திரும்பினான். கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். சிமிட்டினான். ஒரு டிரைவர் காப்பி புரையேறி வெளியே ஓடினான்.

"கடைசிக் கேள்வி சார். பணம் வந்ததும் என்ன வாங்கப் போறீங்க?"

"வீடியோக்கே."

"பொருந்தலை சார். இன்னும் ஒரு வாய்ப்புதான்."

தெரியோ சுற்றுமுற்றும் பார்த்தான். கடை மூலையில், மூடி உடைந்து, கயிற்றால் கட்டிவைத்த பழைய ஐஸ் பெட்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஃப்ரீஸர்," என்றான்.

"நன்றி சார்."

அப்போதும் அவள் தேதியை அவனிடம் கொடுத்துவிடவில்லை. போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உதவி எண் பெண்ணுக்கு மூச்சுச் சத்தத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, அவர் முன்னால் பேச உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். தெரியோ நிலாவைப் பார்த்தான்.

"சம்மதம்," என்றான். கோவிலுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவன் சொன்னது அதுதான் இரண்டாம் தடவை.

நிலா அவன் காதில் தேதியைச் சொன்னாள். மே பதினேழு. பூட்டு திறந்தது. முகம் கேட்டது, காட்டினான். பணம் அவன் பேரிலிருந்த போன் வாலட்டுக்கு வந்து விழுந்தது. விழுந்த கையோடு நிலா இன்னொன்றும் சொல்லச் சொன்னாள். கணக்கை நிரந்தரமாக மூட வேண்டும்.

அந்தப் பெண் அதையும் அன்போடு செய்துகொடுத்தாள். அவனுடைய விவரங்களைச் சட்டம் சொல்கிறபடி ஐந்து வருஷம் பூட்டி வைத்திருப்போம், யார் கண்ணிலும் படாது, அதன்பிறகு அடியோடு அழித்துவிடுவோம் என்றாள். தெரியோ போனைத் தடவிக்கொடுத்தான். உலகத்தில் தன்னைப் பற்றி வாயைத் திறக்காத ஒரே இடம் அது.

"அஞ்சே வருஷமா?" என்றாள் நிலா, போனைப் பார்த்து. "நானெல்லாம் ஆயுசுக்கும் வச்சிருப்பேன்."

அடுத்த வாரம் ஃப்ரீஸர் வந்தது. வெள்ளை வெளேரென்று ஆள் படுக்கலாம் போல நீளம். தெரியோவும் போன்சோவும் அதைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. போன்சோ மலையிலிருந்து திரும்பிய அன்றே நிலாவிடம் அகப்பட்டுக்கொண்டு சுமை தூக்கிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் நிலா இருவருக்கும் ஐஸ் போட்ட கலமான்சி பழரசம் கொடுத்தாள். அவளுக்கு அன்று ஒரே குஷி. மூடியைத் திறப்பதும் குளிரில் முகத்தைக் காட்டுவதும் மூடுவதுமாக இருந்தாள். அதைப் பார்க்கத் தெரியோவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி சொல்லவில்லை. போன்சோ ஊரிலேயே இல்லை.

"நிலா, பிங்கோ விஷயம் உனக்கு யாரு சொன்னா?"

"பிங்கோவா? எனக்கென்ன தெரியும்? நீ என் பேர்ல ஆயுள் காப்பீடு எடுக்கப் பாரத்துக்குத் தேதி கேக்கறேன்னு நினைச்சுத்தான் மாத்திச் சொன்னேன்."

"எல்லாம் தெரியும்னு சொன்னியே?"

நிலா ஃப்ரீஸர் மூடியைச் சாத்தினாள்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அது ஒண்ணைத்தான் நான் சொல்றேன் தெரியோ. மீதி எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் நீதான் சொல்ற."